முதல் கிண்ணம்

அன்னாசிப்பூ மூட்டையின் வாயை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஒரு குவியல் அள்ளி மூக்கருகே கொண்டுபோனான் கொம்பையா. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தான். ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு முறை இழுத்தான். தூசி ஏறித் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

வெளியே துறைமுகத்தில் சீனக் கப்பல் நங்கூரம் இறக்கிவிட்டது. உச்சிப் பொழுதுக்குள் அதில் வந்தவர்கள் அத்தனை பேரும் சத்திரத்துப் பந்தியில் உட்காருவார்கள். பெரிய கொப்பரையில் வாத்துக்கறி வெந்துகொண்டிருந்தது. இஞ்சி போட்டாயிற்று, பட்டை போட்டாயிற்று. இந்தப் பூ ஒன்றுதான் பாக்கி.

வேலாமுனைச் சத்திரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து வந்தவன் கரையில் உண்ணும் முதல் சோறு அவன் ஊர் மணத்தோடு இருக்க வேண்டும். அரபுக் கப்பல் வந்தால் சீரகமும் உலர்ந்த எலுமிச்சையும் போட்டு ஆட்டுக்கறி வேகும். ஜாவாக்காரர்கள் வந்தால் அரத்தையும் எலுமிச்சைப்புல்லும் தேங்காய்ப்பாலில் கொதிக்கும். பாரசீக வணிகர்களுக்குக் குங்குமப்பூச் சோறு. சீனர்களுக்கு அன்னாசிப்பூ மணக்கும் வாத்துச் சாறு. மேலே நாக்கை மரத்துப்போக வைக்கும் அவர்கள் ஊர் மிளகு. வா வா என்று வாயால் கூப்பிட ஊரில் ஆயிரம் பேர் உண்டு, வயிறு நம்பும்படி கூப்பிடுவது அடுப்பு ஒன்றுதான் என்பது சத்திரத்தார் எண்ணம்.

அந்த அடுப்புக்குக் குரு வடிவம்மை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவரிடம் கைப்பக்குவம் கற்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கிடந்தார்கள். அவர்களில் மூத்தவன் கொம்பையா. தலை முழுக்க நரைத்தவன். பாதி ஆயுளைக் கப்பல்களில் சமையல்காரனாகக் கழித்து, கடைசிக் கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது இடுப்புத் துணியோடு இந்தக் கரையில் ஒதுங்கியவன். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் கிடையாது. அவன் அவரை "அம்மா" என்பான், அவர் அவனை "அண்ணாச்சி" என்பார். கேட்பவர்களுக்கு முறை உதைக்கும். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது.

ஐப்பசி அடைமழையில் துறைமுகம் முழுக்க ஒரு காய்ச்சல் பரவியது. சத்திரத்தில் பாய் விரிக்காத ஆள் இல்லை. குருவும் படுத்தார், சீடனும் படுத்தான். எழுந்தபோது கொம்பையாவுக்கு உடம்பு திரும்பி வந்திருந்தது, மூக்கு திரும்பி வரவில்லை. கிராம்பைக் கடித்தால் காரம் தெரிந்தது. அது கிராம்பு என்று தெரியவில்லை.

அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் சத்திரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மூக்கு செத்தவன் அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது. பொடி போட்டுப் போட்டு மூக்கைக் கெடுத்துக்கொண்ட பழைய சமையல்காரர் ஒருவர், சாகும் வரை பின்கட்டு விறகுக் கொட்டடியில்தான் கிடந்தார். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை, ஒரு சொல் கேட்டதும் இல்லை. அடுப்பை விட்டால் கொம்பையாவுக்கு வேறு நாதி கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில்தான் அவனுக்கு யோகமும் அடித்தது. காய்ச்சல் விட்ட கையோடு வடிவம்மை அவனைக் கூப்பிட்டுத் தன் பெரிய கரண்டியைக் கொடுத்தார்.

"இனி எனக்கு ஆகாது அண்ணாச்சி. நீரு நில்லும்."

சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கோடரியை எடுத்தார். அன்றிலிருந்து விறகு பிளப்பதும் கீரை ஆய்வதும்தான் அவர் வேலை.

சத்திரமே வாயைப் பிளந்தது. குரு தும்மினாலும் அதில் ஒரு தத்துவம் தேடுகிற கூட்டம் அது. விறகு பிளந்தால் சும்மா விடுமா? "யப்பா, என்ன பணிவு!" என்று மசாலா அரைக்கிற உலகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொம்பையாவின் காதருகே வந்து சொன்னாள்:

"உமக்குச் சோதன ஆரம்பிச்சாச்சு அண்ணாச்சி. அம்மா எட்ட நின்னு பாக்காங்க. பாத்து நடந்துக்கிடும்."

சோதனைதான் என்பதில் கொம்பையாவுக்கும் சந்தேகம் இல்லை. கரண்டி கைக்கு வந்துவிட்டதே தவிர, சரக்கு குருவின் கையிலிருந்துதான் வந்தது. பானையில் போடும் முன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி அவன் முன்னால் நீட்டுவார். "எனக்குத் தெரியல. நீரு மோந்து சொல்லும்" என்பார். அவன் "ஆமா" என்றால்தான் அது பானைக்குள் போகும்.

தெரியலையாம்! கண்ணை மூடிக்கொண்டு ஏலக்காயின் ஊரைச் சொல்கிறவருக்குத் தெரியலையாம்! கொம்பையா குனிந்து, மோந்த பாவனையில் ஒரு நொடி நின்று, "ஆமா" என்பான். பழைய சரக்கு, பழைய ஜாடி. கண்ணாலும் விரலாலும் கண்டுபிடித்து இத்தனை நாள் ஓட்டிவிட்டான். ஒவ்வொரு "ஆமா"வுக்குப் பிறகும் அவனுக்கு வேர்க்கும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

இன்றைக்கு வந்திருப்பது புது மூட்டை. கீழ்த்திசை வணிகன் ஒருவன் இறக்கிவிட்டுப் போனது.

கொம்பையா ஒரு பூவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இதழ்கள் தடித்து ஒழுங்காக இருக்க வேண்டும். இவை சிறுத்திருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நுனிகள் கொக்கியாக மேலே வளைந்திருந்தன.

மூட்டையின் அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தான், அதுவும் அப்படித்தான் இருந்தது.

கிழக்குக் கடலில் ஒரு தீவில் இதைப் போலவே ஒரு பூவை அவன் பார்த்திருக்கிறான். கோயில் வளாகத்து மரத்தில் காய்ப்பது. அதைப் பொடித்துச் சாமிக்குப் புகை போடுவார்கள், வாயில் வைக்க மாட்டார்கள். அவன் கப்பலில் இருந்த ஒருவன் விவரம் தெரியாமல் வெந்நீரில் போட்டுக் குடித்தான். பொழுது சாய்வதற்குள் கை கால் வெட்டி இழுத்து, பல் கிட்டிப்போய், தளத்தில் கிடந்து துடித்தே செத்தான். கண்ணுக்கு இரண்டு பூவும் அண்ணன் தம்பி. மூக்குக்கு அப்படி இல்லை. நல்ல பூ சோம்பு போல இனிக்க மணக்கும், கெட்டதில் அந்த இனிப்பு இருக்காது. மோந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மழை பொய்த்த வருஷத்தில் நல்ல பூவும் சிறுத்துப்போகும். அதுவும் அவன் கண்டதுதான்.

உலகம்மாவிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. அவள் காதில் போட்டால் தண்டோரா போட்ட மாதிரி. அந்தி சாய்வதற்குள் துறைமுகத்துக்கே தெரிந்துவிடும்.

"என்ன அண்ணாச்சி, பூவப் பிடிச்சுக்கிட்டு நிக்கீரு?"

வடிவம்மை பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலைமுடியில் மரச்செதில்கள் ஒட்டியிருந்தன. வந்தவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் ஏந்தினார்.

"புதுச் சரக்கோ?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியல. நீரு மோந்து சொல்லும்."

கை அவன் மூக்குக்கு நேரே நின்றது. கொம்பையா குனிந்தான். இழுத்தான். வெறும் காற்று.

"பூ கொஞ்சம் சின்னதா இருக்கும்மா."

"ம். சின்னதாத்தான் இருக்கு."

"மழை இல்லாத வருசமோ என்னவோ."

"இருக்கும். வாசம் எப்படி?"

அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். ஏதாவது ஒரு குறிப்பு, கண்ணில் ஒரு அசைவு, உதட்டில் ஒரு சிரிப்பு கிடைக்குமா என்று பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆகாது என்று சொல்லிவிடலாமா? நல்ல பூவாக இருந்துவிட்டால் அப்போதே குட்டு உடைந்துவிடும். கரண்டி போகும், கொட்டடி வரும். ஆமா என்று சொல்லி, கெட்ட பூவாக இருந்துவிட்டால்? இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இவர் மோந்து பார்க்காத சரக்கா? கெட்டதாக இருந்தால் பானை வரைக்கும் விடுவாரா? குரு கையிலிருந்து வருகிறது. குரு கையிலிருந்து விஷம் வராது.

"ஆமா," என்றான்.

வடிவம்மை கையைக் கவிழ்த்தார். பூக்கள் கொப்பரைக்குள் விழுந்தன.

கொம்பையா கரண்டியால் கிண்டினான். பூக்கள் உள்ளே போய் மறுபடி மேலே வந்தன. எத்தனை தரம் அமுக்கினாலும் மேலே வந்தன. இப்போது தடுப்பார், இதோ இப்போது தடுப்பார் என்று அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் இலைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சீனர்கள் வந்துவிட்டார்கள். கப்பல் தலைவன் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் கப்பல் சமையல்காரன் லின். இருவருக்கும் பின்னால் துபாஷி செய்யது, அவர்கள் பேச்சை இவர்களுக்கும் இவர்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல. மாசக்கணக்கில் கருவாடும் பழைய அரிசியும் தின்று வந்தவர்கள், கொப்பரையைக் கண்டதும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தபடி வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. கொம்பையா அவனைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

லின் மட்டும் மூக்கைத் தூக்கி ஆவியை இழுத்துப் பார்த்தான். புருவம் சுருங்கியது. பக்கத்தில் இருந்தவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டான். அவனும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

"என்னவாம்?" என்றான் கொம்பையா.

"ஒண்ணுமில்ல. இஞ்சி தூக்கலா இருக்கோன்னு கேக்கான்," என்றார் செய்யது.

அந்நிய மண்ணில் எவன் சோற்றையும் எவனும் லேசில் நம்ப மாட்டான். அதனால் வேலாமுனையில் முதல் கிண்ணம் விருந்தாளிக்கு இல்லை. அடுப்புக்குக் குரு யாரோ அவர் பந்தியின் நடுவில் நின்று, எல்லோரும் பார்க்கக் குடிக்க வேண்டும். அவர் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் இலைகளில் பரிமாறுவார்கள்.

கரண்டி யார் கையில் இருந்தாலும் குரு வடிவம்மைதான். கிண்ணத்தை நீட்டினார். கொம்பையா சாற்றை முகந்து ஊற்றினான். பாதி கிண்ணத்திலும் பாதி அவர் விரலிலும் விழுந்தது. அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நடந்து போய்ப் பந்தியின் நடுவில் நின்றார்.

குடிக்க மாட்டார் என்று நினைத்தான் கொம்பையா. சோதனை இதுவரைக்கும்தான். இப்போது கிண்ணத்தைத் தாழ்த்துவார். என்னைத் திரும்பிப் பார்ப்பார். சொல்லும் அண்ணாச்சி என்பார்.

வடிவம்மை கிண்ணத்தை உயர்த்தினார். ஊதினார். ஒரு பூ மிதந்து ஓரத்துக்கு ஒதுங்கியது.

குடிக்கிறார் என்றால் நல்ல பூதான். அவருக்குத் தெரியாதா? தெரியும். நிச்சயம் தெரியும். கொம்பையாவின் மனசு இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் கால்கள் அதைக் கேட்கவில்லை. பந்தியைத் தாண்டி, இலைகளை மிதித்து, ஒருவன் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். உதட்டில் பட்ட கிண்ணத்தை ஓங்கித் தட்டிவிட்டான்.

கிண்ணம் தூணில் மோதி உருண்டது. சாறு வடிவம்மையின் சேலை முழுக்கத் தெறித்தது.

கப்பல் தலைவன் மெல்ல எழுந்தான். அவன் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சிலர் கை இடுப்புக் கத்திக்குப் போனது.

"வேய், என்ன காரியம் செஞ்சீரு!" என்று கத்தினார் செய்யது. "இவங்க நம்மள என்னன்னு நெனப்பாங்க!"

கொம்பையா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குடிச்சீங்களாம்மா? உள்ள போச்சா?"

"இல்ல. உதட்டுல பட்டுது."

"துப்புங்க. வாயக் கொப்புளிங்க. எனக்கு வாசம் தெரியாதும்மா. காய்ச்சல்லேருந்தே தெரியாது. எல்லாம் பொய். நான் சொன்ன ஆமா அத்தனையும் பொய்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வெடித்தது. நரைத்த தாடி நனைய, கூச்சமில்லாமல் அழுதான்.

வடிவம்மையின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. வாயைக் கொப்புளித்துத் துப்பினார். பிறகு மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பூவை எடுத்து லின்னிடம் நீட்டினார்.

லின் அதை உடைத்தான். மோந்தான். உடனே கீழே போட்டு உள்ளங்கையை உடுப்பில் துடைத்தான். படபடவென்று ஏதோ சொன்னான். கப்பல் தலைவன் ஒரு சொல் கேட்டான், லின் தலையை ஆட்டினான்.

செய்யதுக்கு வாய் குழறியது. "சாமிக்குப் புகை போடுத பூவாம். தின்னா ஆளு பிழைக்க மாட்டானாம்."

உலகம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். மீசை முளைக்காதவன் தன் இலையைக் காலால் தள்ளி வைத்தான்.

கப்பல் தலைவன் கொம்பையாவை நெடுநேரம் பார்த்தான். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினான். அவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். லின் மட்டும் உட்காரவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனான். உலகம்மா அரிசியும் இஞ்சியும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.

கொப்பரையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்கள். வடிவம்மை குழி தோண்டச் சொன்னார். சாற்றையும் கறியையும் மூட்டையையும் அதில் கொட்டி மூடிவிட்டு அவர்கள் போனார்கள். கொம்பையா போகவில்லை.

"கரண்டிய உள்ள வச்சிட்டேன்," என்றான்.

"ம்."

"இனி இந்தக் கொட்டடியிலதான் கெடப்பேன். நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியும்."

"ம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த "ம்" அவனுக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"நான் செஞ்சது பாவம். இல்லைங்கல. ஆனா உங்களுக்குத் தெரியும்லா? மூட்டைய அவுத்ததும் தெரிஞ்சிருக்கும்லா? தெரிஞ்சுக்கிட்டே பானையில போட்டீங்க. தெரிஞ்சுக்கிட்டே கிண்ணத்தத் தூக்குனீங்க. நான் வாயத் தொறக்கேனா இல்லையான்னு பாக்க உசிரவா பணயம் வைப்பாங்க? அத்தன பேரு உசிரு! எதுக்கும்மா என்னைய இப்படிச் சோதிச்சீங்க?"

வடிவம்மை விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். அப்போதுதான் கொம்பையா பார்த்தான். சாறு பட்ட உதட்டை அவர் புறங்கையால் இன்னும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காய்ச்சல் உம்ம மூக்க மட்டுந்தான் கொண்டுபோச்சா?"

கொம்பையாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகத்தையும் மூடிய குழியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ... கரண்டி?"

"மூக்கு செத்தவங்க அடுப்புப் பக்கம் நிக்கப்படாதுல்லா. அதான் நல்ல மூக்கு உள்ள ஆளுகிட்ட கொடுத்தேன்."

"யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னேன். என் மூக்கு செத்துப்போச்சு உலகம்மான்னு சொன்னேன். நான் ஆசையெல்லாம் விட்டுட்டேன்னு அவளா அர்த்தம் பண்ணிக்கிட்டு என் கால்ல விழுந்தா. உம்மகிட்ட தெனமும் சொன்னேன், எனக்குத் தெரியலன்னு."

"நான்... நீங்க சோதிக்கீங்கன்னு..."

வடிவம்மை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"சோதிக்கல அண்ணாச்சி. கேட்டேன்."